கல் உப்பும் தூள் உப்பும்

சேந்தமங்கலத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருக்களில் அங்கமுத்து என்று விசாரித்தால் எந்த அங்கமுத்து என்று திருப்பிக் கேட்பார்கள். டிரைவர் அங்கமுத்து என்றால் வீட்டு வாசல் வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். லாரியை விட்டு இறங்கி ஒரு வருடம் ஆகியும் அந்தப் பட்டம் அவரை விட்டு இறங்கவில்லை. நாமக்கல்லில் பாடி கட்டிய வண்டிகளில் இளவட்ட வயதில் ஏறியவர். குஜராத், ஒரிசா, அசாம் என்று நாட்டின் முக்கால்வாசி ரோடு அவருடைய ஸ்டீயரிங்குக்கு அடியில் ஓடியிருக்கிறது. வீட்டில் மனைவி சாரதாமணியும் ஒரே மகள் அறிவுச்செல்வியும். லோடு இறக்கிவிட்டு அவர் ஊருக்கு வந்தால் விருந்தாளி வந்த மாதிரிதான் இருக்கும். கோழிக் குழம்பு கொதிக்கும். சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். தூக்கம் தெளிவதற்குள் அடுத்த லோடுக்கு போன் வந்துவிடும்.

ரோட்டில் அவருக்குச் சமையல் அவரேதான். வண்டியில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு குக்கர், ஒரு எவர்சில்வர் டம்ளர். அரிசி அந்த டம்ளரில் ஒன்று, பருப்பு அதில் பாதி, தண்ணீரும் அந்த டம்ளரால்தான். அங்கமுத்து வண்டி எந்த டாபாவுக்குப் பக்கத்தில் ஓரம் கட்டியிருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பின்னால் தங்கள் வண்டியை நிறுத்துகிற நாமக்கல் டிரைவர்கள் இருந்தார்கள். அவர் வைக்கிற தக்காளிக் குழம்புக்கு அப்படி ஒரு பேர். ஆனால் அந்தக் கைப்பக்குவத்தை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை. வீட்டு அடுப்பு சாரதாமணியுடையது. அவரும் கேட்டதில்லை, அந்த அம்மாளும் கூப்பிட்டதில்லை.

போன வருடம் ஐப்பசி மழையின்போது சாரதாமணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் சளி என்று நினைத்தார்கள். பிறகு கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்துவர முடியாமல் நடுவழியில் உட்கார்ந்துவிட்டாள். நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருதயம் ரத்தத்தை இறைத்துவிடுகிற வேகம் குறைந்துபோயிருக்கிறது, மாத்திரையால் சமாளிக்கலாம், ஆனால் உப்பும் தண்ணீரும் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அங்கே இருந்த நாட்களில் சாரதாமணி பாதியாக இளைத்துவிட்டாள். உடம்பில் கட்டியிருந்த நீரெல்லாம் இறங்கியதும் எலும்பும் தோலுமாகத் தெரிந்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது சேலை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. அங்கமுத்து அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே கூட நடந்தார்.

கிளம்புகிற அன்று, என்ன சாப்பிடலாம் என்று சொல்லுகிற பிரபா என்ற பெண் அவரை உட்கார வைத்து விளக்கினாள். ஒரு வேளைக்கு அரிசி அறுபது கிராம். பருப்பு முப்பது கிராம். ஒரு நாளைக்கு உப்பு நான்கு கிராம், அதற்கு மேல் ஒரு கல்லுகூடப் போகக்கூடாது. தண்ணீர், மோர், டீ எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் லிட்டர். அங்கமுத்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதையே டம்ளர் கணக்குல சொன்னீங்கன்னா எனக்குச் சுளுவா இருக்குமுங்க அம்மணி."

பிரபா சிரிக்கவில்லை. "உங்க ஊட்டு டம்ளர் எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியாதுங்களே ஐயா. ஒரு ஊட்டு டம்ளர் மாதிரி இன்னொரு ஊட்டுல இருக்காது. ஒரு சின்னத் தராசு வாங்கிக்கங்க. உங்க டம்ளர்ல அரிசி எவ்வளவு புடிக்குதுன்னு நீங்களே போட்டுப் பாருங்க. அப்பறம் டம்ளராலயே அளந்துக்கலாம்" என்றாள். உப்பு மட்டும் அப்படி முடியாது, ஒரு சின்னக் கரண்டி போட்டால் அந்தத் தராசுக்கு உறைக்காது. பத்துக் கரண்டி போட்டு எடை பார்த்து, அதைப் பத்தால் வகுத்துக்கொள்ளச் சொன்னாள். சாரதாமணியைத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை மிஷினில் ஏற்றி நிறுத்திப் பார்க்க வேண்டும், எடை கூடினால் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னாள். அந்த நேரம் பார்த்து மருந்துக் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கமுத்து தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். எடை பார்க்க வேண்டும் என்பது அவர் மனதில் நன்றாகப் பதிந்தது. எதற்காகப் பார்க்கச் சொன்னாள் என்பது பதியவில்லை.

தராசு குமாரபாளையத்திலிருந்து வந்தது. அங்கே ஜவுளிக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிற அறிவுச்செல்வி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசும் எடை மிஷினுமாக வந்து இறங்கினாள். அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அங்கமுத்து கேட்கவில்லை. இத்தனை வருடம் இவள் ஒருத்தியாக வீட்டைப் பார்த்தாள், இனி நான் இவளைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். மகள் தராசில் எப்படி எடை பார்ப்பது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தாள்.

மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்தவர் அன்று சாயங்காலம் முழுக்கச் சமையலறையைத்தான் எடை போட்டார். சாரதாமணிக்குக் கட்டிலைக் கூடத்தில், சமையலறை தெரிகிற மாதிரி போட்டிருந்தது. அவர் டம்ளரில் அரிசியை வழித்துத் தராசில் வைத்து, நூற்று எழுபது என்று உரக்கச் சொன்னார். துவரம்பருப்பும் ஏறக்குறைய அதே அளவு வந்தது. அதே டம்ளரில் அவலைப் போட்டால் அரிசியில் பாதிகூட வரவில்லை. கோதுமை மாவு அவரைப் பாடாய்ப் படுத்தியது. அப்படியே அள்ளினால் ஓர் எடை, டம்ளரைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மேலே நிரப்பினால் வேறு எடை.

"லோடு ஏத்தறப்பப் பஞ்சு மூட்டை ஆகாசத்த முட்டும், எடை மேடையில ஏத்துனா ஒண்ணுமே இருக்காது. சிமெண்ட்டு பாதி பாடிக்குத்தான் வரும், டயர் படுத்துக்கும். அந்த மாதிரித்தான் இருக்குது புள்ள இதும்" என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னார்.

சாரதாமணிக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சிரித்தாள். அவளுக்கு இதெல்லாம் தேவைப்பட்டதே இல்லை. கை எவ்வளவு அள்ளுகிறதோ அதுதான் அளவு. அந்த வீட்டில் அவளுடைய கை இதுவரைக்கும் தப்பியதும் இல்லை. முகமெல்லாம் மாவாக நிற்கிற மனிதரைப் பார்த்தபோது, கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் இந்த ஆளை இப்படி முழுசாக ஒரு சாயங்காலம் பார்த்துக்கொண்டிருந்தது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவரிடமும் சொன்னாள். அவர் மாவு டப்பாவைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

உப்பையும் பிரபா சொன்னபடியே போட்டுப் பார்த்தார். வீட்டில் இருந்தது கல் உப்பு. பத்துக் கரண்டிக்கு நாற்பது கிராம் வந்தது. அப்படியென்றால் ஒரு கரண்டிதான் ஒரு நாளைக்கு. அந்தச் சின்னக் கரண்டியை உப்பு ஜாடிக்குள்ளேயே போட்டு வைத்தார். காலையில் ஒரு கரண்டி கல் உப்பைக் கிண்ணத்தில் எடுத்துவைத்தால், அதிலிருந்துதான் மூன்று வேளைக்கும்.

சாப்பாடு சப்பென்றுதான் இருந்தது. அங்கமுத்து தனக்கென்று வேறு குழம்பு வைக்கவில்லை. அவளுக்கு என்னவோ அதுதான் அவருக்கும், உப்பும் ஆளுக்கு ஒரே கரண்டிதான். உங்களுக்கு என்ன கேடு, நீங்க உப்புப் போட்டுச் சாப்பிடுங்க என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இரண்டு குண்டான் கழுவ முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். சாரதாமணி ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டாள். ஆனால் பாதித் தட்டுக்கு மேல் இறங்கவில்லை. தயிர்ச்சோற்றில் கரையாத உப்புக் கல் ஒன்று பல்லில் பட்டால் அவள் முகம் சுருங்கும், அடுத்த வாய் முழுக்க வெறும் சோறாக இருக்கும். மீந்த சோற்றை அவர் எடுத்துக்கொண்டு போகும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

தை பிறந்த சமயத்தில் கல் உப்பு தீர்ந்தது. கடையில் தூள் உப்புப் பாக்கெட்டைப் பார்த்ததும் அங்கமுத்துவுக்கு ஒரு யோசனை வந்தது. தூள் என்றால் சோற்றில் ஒரே மாதிரி கலந்துவிடும், பல்லில் கடிபடாது. ஒரே கரண்டிதானே. வாங்கி வந்து ஜாடியில் கொட்டிக் கரண்டியை அதில் செருகினார்.

அன்று மத்தியானம் சாரதாமணி தட்டைக் காலி செய்தாள்.

மறுநாளும் காலி செய்தாள். அவருக்கும் ருசி கூடித்தான் தெரிந்தது, தூள் சரியாகக் கலந்ததால் என்று நினைத்துக்கொண்டார். ஒரு கரண்டி ரசம் கூடக் கேட்டாள். அங்கமுத்து ரசச் சட்டியையே தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஊற்றினார். தக்காளிக் குழம்புக்கு ஒரு காலத்தில் டிரைவர்கள் கொடுத்த பேரெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சில நாட்களிலேயே எடை மிஷினும் நல்ல சேதி சொல்ல ஆரம்பித்தது. முதலில் அரைக் கிலோ கூடியது. பிறகு முழுசாக ஒன்று, பிறகு மூன்றையும் தாண்டியது. அவர் குனிந்து எண்ணைப் படிப்பார், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். படித்துவிட்டு நிமிரும்போது அவர் முகம் மலர்ந்திருக்கும். தெருவில் கூடச் சிலரிடம் சொன்னார். குமாரபாளையத்துக்குப் போன் செய்து, உன் அம்மாவுக்கு உடம்பு தேறுகிறது சாமி, கன்னம் வைத்திருக்கிறது, வந்து பார் என்றார். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தடவை போகும்போது அந்தப் பெண் பிரபாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டார்.

மாசி தொடக்கத்தில் ஒரு காலை. அவர் பால் வாங்கிக்கொண்டு வந்தபோது சாரதாமணி கட்டிலில் படுக்காமல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றியிருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்வதற்கே மூன்று தடவை மூச்சு எடுத்தாள். பாதம் பொத பொதவென்று வீங்கியிருந்தது. அங்கமுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுக் காரில் அவளைத் தன் தோளில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு நாமக்கல் போனார். வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டியவருக்கு அந்தக் கொஞ்ச தூரம் முடிவே இல்லாமல் நீண்டது.

டாக்டர் ஊசி போட்டார். ஆக்சிஜன் வைத்தார்கள். மத்தியானத்துக்குள் நிறைய சிறுநீர் போய் மூச்சிரைப்பு குறைந்தது. வெளியே வந்த டாக்டர், எடை கூடிக்கொண்டே வந்திருக்குமே, பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தோம் என்றார் அங்கமுத்து. கூடியது, சதை பிடிக்கிறது என்று நினைத்தேன் என்றார். டாக்டர் திட்டவில்லை. இவ்வளவு வேகமாகச் சதை பிடிக்காது, உடம்பில் தங்குகிற ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் மிஷினில் ஒரு கிலோ என்று காட்டும், நீங்கள் பார்த்தது தண்ணீரை என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். அங்கமுத்து அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டது நினைவுக்கு வந்தபோது அவருக்குத் தன் காதே சுட்டது.

பிற்பகலில் பிரபா வந்தாள். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அரிசி, பருப்பு, தண்ணீர் எதிலும் பிசகு இல்லை. உப்பும் ஒரே கரண்டிதான் என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். எந்த உப்பு என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார். பிரபா உடனே ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரே கரண்டியால் கல் உப்பைப் பத்துத் தடவை அள்ளித் தராசில் வைத்தாள். பிறகு தூள் உப்பை. தூள் உப்பு அறுபதைத் தாண்டிப் போய் நின்றது. அதுவும் கரண்டி விளிம்போடு வழித்துத் தலை தட்டிய அளவு. வீட்டில் அவர் தலை தட்டியதே இல்லை. கல் உப்பைத் தலை தட்ட முடியாது என்பதால் அந்தப் பழக்கமே அவருக்கு வரவில்லை. தூள் உப்பு கரண்டியில் கோபுரமாகக் குவிந்துதான் வரும்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சந்து இருக்கிறது, தூளில் அது இல்லை. பிரபா சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. பஞ்சு ஏற்றிய வண்டியையும் சிமெண்ட் ஏற்றிய வண்டியையும் ஆயிரம் தடவை எடை மேடையில் ஏற்றி இறக்கியவர். மாவை எடை போட்ட அன்று அதை வாயால் சொன்னவரும் அவர்தான். ஒரு கரண்டிக்குள் அதே விஷயம் இருக்கும் என்று தோன்றவில்லை.

"கல்லு உப்பு தீந்து போச்சுங்க அம்மணி. கடிபடாம இருக்கட்டுமேன்னு இதை வாங்குனேன்" என்றார். 

பிரபா அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, இந்த நோயே அப்படித்தான் ஏறி இறங்கும் என்றாள். உப்பு மாறினால் திரும்பவும் எடை போட வேண்டும் என்று அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை ஐயா என்று அவளும் வருத்தப்பட்டாள்.

சாரதாமணியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது வெயில் ஜன்னலிலிருந்து அவள் காலடி வரைக்கும் வந்திருந்தது. ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். முகம் தெளிந்திருந்தது. அங்கமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கரண்டியின் கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு, நானே உன்னை இந்தக் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டார். 

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உப்பு கூடிப்போச்சுன்னு. மொத நாளே தெரியும். நாக்குக்குத் தெரியாமப் போகுமுங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார்.

"ருசியா இருந்துச்சு. எத்தன நாளைக்கப்பறம்." அவள் மெல்லிய குரலில், மூச்சு சேர்த்துச் சேர்த்துப் பேசினாள். "அதுவுமில்லாம, நான் தட்டைக் காலி பண்ணறப்ப உங்க மூஞ்சிய நீங்க பாக்கோணும். அறிவு பொறந்தப்பக்கூட அப்படி ஒரு மூஞ்சிய நான் பாக்குல. அதைக் கெடுக்க மனசு வருல."

"அறிவு பொறந்தப்ப நான் அசாம்ல இருந்தேன்."

"அதைத்தானுங்க சொல்றேன்" என்றாள் சாரதாமணி.

அங்கமுத்துவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்யாணத்திலிருந்து அன்று வரைக்கும் அவள் அவரிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. பிரசவத்துக்கு வராததைச் சொன்னதில்லை. பண்டிகைக்கு வராததைச் சொன்னதில்லை. குழம்பு சப்பென்று இருந்ததைச் சொல்லவில்லை, ருசியானதையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிற அவள் குணத்தைப் பொறுமை என்று அவர் பெருமைப்பட்டதும் உண்டு. அது எவ்வளவு பாரம் என்று அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் அவருக்கு உறைத்தது.

"இனிமே எதா இருந்தாலும் சொல்லிப்போடு புள்ள. நல்லா இல்லீன்னா நல்லா இல்லீன்னு சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவள் சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பிடித்த கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு உப்பை சாரதாமணி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். தராசு அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலுக்கு வந்தது. புதுப் பாக்கெட் பிரித்தால் பத்துக் கரண்டி போட்டு முதலில் எடை பார்ப்பாள். ஒரு நாளைக்கு உரியதைத் தலை தட்டி எடுத்துக் கிண்ணத்தில் கொடுப்பாள். எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு என்று அவளே பிரித்தும் சொல்வாள். ரசத்துக்கு வேண்டாம், மிளகும் கொத்தமல்லியும் போதும். பொரியலில் எலுமிச்சம்பழம் பிழியச் சொல்வாள். உப்பை அடுப்பில் போட்டுக் கரைக்காமல், தட்டில் மேலாகத் தூவினால் கொஞ்சமே நிறையத் தெரியும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். எடை மிஷினில் ஏறி நின்றால் இப்போது இருவரும் சேர்ந்தே குனிந்து பார்க்கிறார்கள். எண் நேற்றையதாகவே இருந்தால் அதுதான் நல்ல சேதி. சித்திரையில் ஒரு தடவை திடீரென்று கூடியது. அன்று காலையே பிரபாவுக்குப் போன் போட்டு, டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் கூட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகாமலே சரி செய்தார்கள். மகள் வந்து பார்த்துவிட்டு, அம்மா இளைத்துத்தான் இருக்கிறாள் ஆனால் நடக்கிறாள் என்று நிம்மதியாகத் திரும்பிப் போனாள்.

போன வாரம் கொல்லிமலைப் பக்கம் கருத்துக்கொண்டு நல்ல மழை. ஊரே குளிர்ந்து கிடந்தது. சாரதாமணி அரிசிம்பருப்புச் சோறு வேண்டும் என்று கேட்டாள். அங்கமுத்து அரிசியையும் பருப்பையும் எடை போட்டு, சின்ன வெங்காயம் உரித்து, சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு, தக்காளியைக் கொஞ்சம் கூடவே சேர்த்து வேக வைத்தார். குக்கரைத் திறந்ததும் வாசம் வாசல் வரைக்கும் போனது. தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

அவள் ஒரு வாய் எடுத்து மென்றாள். இன்னொரு வாய். பிறகு தட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அவரைப் பார்த்தாள்.

"தண்ணி அதிகமுங்க. கொழ கொழன்னு போயிருச்சு. பூண்டும் வதங்குல, பச்ச வாசம் அடிக்குது."

அங்கமுத்து அவசரமாகத் தன் தட்டிலிருந்து ஒரு வாய் போட்டுப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான்.

"அடுத்த தடவ பூண்டை மொதல்ல போடறேன்" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.